கிளை கழிக்கும் சிறு தொழிலுக்குச் சங்கம் தேவையா?

நாலைந்து ஆட்கள், ஒரு 50 சிசி செயின்சா, ஒரு குட்டி யானை வண்டி, இரண்டு ஏணி, கொஞ்சம் கயிறு. சென்னையில் மரம் கழிக்கும் வேலையை எடுத்துச் செய்யும் சிறு குழு என்றால் அநேகமாக இந்த அளவுதான். இப்படி ஒரு குழுவை நடத்துகிறவர் சந்தா கட்டி ஒரு தொழில் சங்கத்தில் சேரலாமா? வேலை பிடிப்பதற்காக என்றால் சேர வேண்டாம். மரத்திலிருந்து ஆள் விழாமல் இருக்கவும், விழுந்துவிட்டால் அந்தக் குடும்பம் தெருவுக்கு வராமல் இருக்கவும், புயலுக்கு மறுநாள் கைகொடுக்க நாலு பேர் இருக்கவும் என்றால் அவசியம் சேருங்கள். அப்படிப்பட்ட சங்கம் கண்ணில் படவில்லை என்றால் எட்டுக் குழுக்கள் சேர்ந்து நீங்களே தொடங்குங்கள்.

வேலை எந்த வழியாக வருகிறது என்று பார்த்தாலே முதல் பாதி விளங்கிவிடும். வாட்ச்மேன் சொல்லி வரும், தோட்டக்காரர் சொல்லி வரும், அப்பார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குழுவில் யாராவது நம்பர் போட்டு வரும். செக்ரட்டரி கேட்கும் முதல் கேள்வி, “மொத்தம் எவ்வளவு ஆகும்?” இரண்டாவது கேள்வி, “தழையெல்லாம் நீங்களே எடுத்துட்டுப் போயிடுவீங்கல்ல?” எந்தச் சங்கத்தில் உறுப்பினர் என்று கேட்பவர் அபூர்வம். ஐடி பார்க், பள்ளி, மருத்துவமனை போன்ற இடங்களில் மட்டும் வெண்டர் படிவம் ஒன்று தருவார்கள். அதில் பான், ஜிஎஸ்டி, உத்யம் எண் (சிறு நிறுவனங்களுக்கான அரசுப் பதிவு எண்), ஆட்களுக்கான இன்சூரன்ஸ், பாதுகாப்புப் பயிற்சிக்கான சான்று என்று கட்டங்கள் இருக்கும். சங்க உறுப்பினர் எண் என்று ஒரு கட்டம் இருந்தால் அதைக் காலியாக விட்டாலும் படிவம் போய்விடும். இன்சூரன்ஸ் கட்டம் காலியாக இருந்தால் திரும்பி வந்துவிடும். ஆகவே ஒரு சங்கத்தை எடைபோடும்போது அதன் முத்திரையைப் பார்க்காதீர்கள். அந்தக் கட்டங்களை நிரப்ப அது உதவுமா என்று பாருங்கள்.

வெளிநாட்டுச் சங்கங்களைப் பற்றி இங்கே நிறையக் குழப்பம் இருக்கிறது. 1924-இல் அமெரிக்காவில் தொடங்கிய இன்டர்நேஷனல் சொசைட்டி ஆஃப் ஆர்போரிகல்ச்சர் தனிமனிதர்களுக்கானது. அதில் உறுப்பினராவது வேறு, சான்று பெற்ற ஆர்பரிஸ்ட், அதாவது மரப் பராமரிப்பு வல்லுநர், ஆவது வேறு. சந்தா கட்டினால் உறுப்பினர் ஆகிவிடலாம். சான்றுக்கு மூன்று வருட முழுநேர அனுபவமோ அதற்கு ஈடான படிப்போ காட்டி, 200 கேள்விகள் கொண்ட தேர்வு எழுத வேண்டும். பிறகு மூன்று வருடத்துக்கு ஒருமுறை, பயிற்சிகளுக்குப் போய்ச் சேர்த்த மதிப்பெண்களைக் கணக்குக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். சான்று வாங்க உறுப்பினராக இருந்தாக வேண்டும் என்றும் இல்லை. உறுப்பினர் அல்லாதவர்களுக்குத் தேர்வுக் கட்டணம் கூடும், அவ்வளவுதான். உறுப்பினர் அட்டையை மட்டும் காட்டி ‘சர்டிஃபைடு’ என்று போர்டு வைப்பது தவறு. 1938-இல் தொடங்கிய ட்ரீ கேர் இண்டஸ்ட்ரி அசோசியேஷன் நிறுவனங்களுக்கானது, அதன் அங்கீகாரத் திட்டமும் அமெரிக்கச் சட்டதிட்டங்களை ஒட்டியது. பிரிட்டனின் ஆர்போரிகல்ச்சரல் அசோசியேஷன் 1964-இல் தொடங்கியது.

நாலு ஆள் குழுவுக்கு இவற்றிலிருந்து உடனடியாகப் பயன்படுவது, மரத்தை எப்படி வெட்டினால் அது பிழைக்கும் என்று அவர்கள் சேர்த்து வைத்திருக்கும் அறிவு. கிளை கழிப்புக்கு அமெரிக்காவில் ஏ300 தரவிதிகளும், பிரிட்டனில் பிஎஸ் 3998 விதிகளும் இருக்கின்றன. குளிர்காலத்தில் இலையுதிர்ந்து நிற்கும்போது கழி என்பது போன்ற குறிப்புகள் நம் ஊருக்குப் பொருந்தாது. சென்னையில் வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன், ஆகஸ்ட், செப்டம்பரிலேயே பாரம் குறைத்துவிட வேண்டும். ஆனால் வெட்டு எங்கே விழ வேண்டும் என்ற பாடம் எல்லா ஊர் மரத்துக்கும் ஒன்றுதான்.

தூங்குமூஞ்சி மரத்தின் ஒரு பக்கக் கிளையை எடுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அடிமரத்தை ஒட்டி ஒரே வெட்டாகப் போட்டால், பாதி அறுபட்டதுமே கிளை தன் பாரத்தில் முறிந்து, கீழே மூன்றடிக்குப் பட்டையை உரித்துக்கொண்டு இறங்கும். அந்தக் காயம் ஆறாது. அடுத்த சில வருடங்களில் உள்ளே மக்கி, ஒரு புயலில் மரமே பிளக்கும். மூன்று வெட்டாகப் போட வேண்டும். முதல் வெட்டு, அடிமரத்திலிருந்து ஓரடி தள்ளிக் கீழிருந்து மேலாக, கிளையின் தடிப்பில் நாலில் ஒரு பங்கு ஆழத்துக்கு. இரண்டாவது, அதற்கு இரண்டு அங்குலம் வெளியே தள்ளி மேலிருந்து. கிளை பட்டையை உரிக்காமல் விழும். மூன்றாவது, மிச்சமிருக்கும் கட்டையை எடுப்பது. கிளை தொடங்கும் இடத்தில் கழுத்துப்பட்டை மாதிரி ஒரு புடைப்பு இருக்கும். அந்தப் புடைப்பை வெட்டிவிடாமல், அதற்கு வெளியே கட்டையும் விடாமல், ஓரத்தோடு எடுக்க வேண்டும். காயத்தைச் சுற்றி மேல்தோல் வளர்ந்து மூடுவது அந்தப் புடைப்பிலிருந்துதான். தார் பூசுவது உதவாது, ஈரத்தை உள்ளே பிடித்து வைக்கும். இந்த மூன்று வெட்டை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எட்டுக் குழுக்களின் ஆட்களுக்கும் ஒரே மரத்தில் காட்டிக்கொடுக்க முடிகிற சங்கம்தான் நல்ல சங்கம். மரம் ஏறுகிறவருக்குப் படித்துக் கற்கும் பழக்கம் குறைவு. மரத்தடியில் காட்டினால் ஒருமுறையில் கை பிடித்துக்கொள்ளும்.

சங்கத்தின் உண்மையான மதிப்பு புயல் சமயத்தில்தான் தெரியும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா கரையைக் கடந்தபோது சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்கள் ஒரே பகலில் சாய்ந்தன. குல்மோஹர், இயல்வாகை, தூங்குமூஞ்சி போன்றவை அதிகம் விழுந்தன. வேம்பும் புங்கையும் ஓரளவு தாக்குப்பிடித்தன. அப்படியொரு நாளில் எல்லாக் குழுவுக்கும் ஒரே நேரத்தில் அழைப்பு வரும், எந்தக் குழுவிடமும் எல்லாக் கருவியும் இருக்காது. ஒருவரிடம் 70 சிசி மிஷின் இருக்கும், வண்டி இருக்காது. இன்னொருவரிடம் கை வின்ச்சும் கப்பியும் இருக்கும், தடித்த அடிமரத்தை அறுக்க நீளமான பார் (செயின் சுற்றி ஓடும் தகடு) இருக்காது. “அண்ணே, உங்க பெரிய மிஷின் மதியத்துக்கு மேல சும்மா இருக்குமா?” என்று கூச்சமில்லாமல் கேட்கவும், “எடுத்துக்கோ தம்பி, செயின் மட்டும் உன்னோடது போட்டுக்கோ” என்று தயங்காமல் சொல்லவும் முன்கூட்டியே பேசி வைத்த உறவு வேண்டும். புயல் நாளில் புதிதாக யாரும் யாருக்கும் மிஷின் கொடுக்க மாட்டார்கள்.

அந்தப் பேச்சில் தீர்க்க வேண்டியவை சின்ன விஷயங்கள், ஆனால் சண்டையெல்லாம் அவற்றில்தான் வரும். முதலாவது செயின். செயினுக்குப் பிட்ச் (கண்ணிகளின் இடைவெளி) உண்டு, கேஜ் (பாரின் பள்ளத்தில் ஓடும் பல்லின் தடிப்பு) உண்டு, பாருக்குள் ஓடும் பற்களின் எண்ணிக்கை உண்டு. மூன்றும் பொருந்தினால்தான் ஒருவர் செயின் இன்னொருவர் மிஷினில் ஏறும். எல்லோரும் 18 அங்குல பார் வைத்திருந்தால்கூட ஒருவருடையது 3/8 பிட்ச், மற்றவருடையது .325 பிட்ச் என்றால் உதவாது. புதிதாக மிஷின் வாங்கும்போது குழுக்கள் பேசி ஒரே பிட்ச், ஒரே கேஜ், ஒரே பார் நீளமாக வாங்கினால், அவசரத்தில் இரண்டு டஜன் செயின் எல்லோருக்கும் பொதுவாகிவிடும். இது கைக்காசு செலவில்லாமல் கிடைக்கிற லாபம்.

இரண்டாவது எண்ணெய். இரவல் போன மிஷின் சீஸ் ஆகி, அதாவது பிஸ்டன் இறுகி நின்று, திரும்புவது பெரும்பாலும் எண்ணெய் கலப்பதில் நடக்கும் தவறால்தான். இரண்டு ஸ்ட்ரோக் மிஷினுக்கு எண்ணெய் கலக்காத பெட்ரோலை ஊற்றினால் சில நிமிடங்களில் பிஸ்டனில் கோடு விழுந்துவிடும். நல்ல 2டி எண்ணெய்க்கு 50:1 என்பது வழக்கமான கணக்கு, அதாவது லிட்டருக்கு 20 மில்லி. மட்டமான எண்ணெய்க்கு 25:1, லிட்டருக்கு 40 மில்லி. இரவல் தருகிறவர் தன் கேனோடு சேர்த்துத் தர வேண்டும். கேன் மேல் கலந்த தேதியும் விகிதமும் எழுதியிருக்க வேண்டும். எத்தனால் சேர்ந்த பெட்ரோல் ஒரு மாதத்துக்கு மேல் நின்றால் கார்புரேட்டர் டயாஃப்ரத்தைக் கெடுக்கும், ஆகவே போன மழைக்குக் கலந்தது இந்த மழைக்கு ஆகாது. செயினுக்கு ஊற்றும் எண்ணெய் தனி, அதைப் பெட்ரோல் டேங்கில் ஊற்றிவிடும் புது ஆட்களும் உண்டு.

மூன்றாவது கயிறு. கிளை இறக்குகிற கயிற்றில் ஆள் ஏறக் கூடாது, எந்தச் சமயத்திலும். ஓரடி விட்டமும் பத்தடி நீளமும் உள்ள பச்சைக் கிளை ஏறக்குறைய 200 கிலோ வரும். அது இரண்டடி சறுக்கி நின்றாலே கயிற்றில் விழும் இழுப்பு அதைப் போலப் பல மடங்கு. மேலே கப்பி கட்டியிருக்கும் கிளைக்கு அந்தப் பாரம் இரண்டு மடங்காக வந்து சேரும், ஏனென்றால் ஒரு பக்கம் வெட்டிய கிளையின் பாரமும் மறுபக்கம் இழுத்துப் பிடிக்கும் ஆளின் இழுப்பும் அதே கப்பியில்தான் விழுகின்றன. அப்படி அடி வாங்கிய கயிறு வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே நார் அறுந்திருக்கும். எட்டுக் குழுவும் சேர்ந்து, ஆள் ஏறும் கயிறு ஒரு நிறம், பாரம் இறக்கும் கயிறு வேறு நிறம் என்று முடிவு செய்துவிட்டால் இரவல் கயிற்றில் ஆள் விழும் ஆபத்து பெரிதும் குறையும். இதை எந்தச் சட்டமும் செய்து தராது, கூடிப் பேசினால்தான் நடக்கும்.

இன்சூரன்ஸ் விஷயத்தில் சங்கம் செய்ய முடிந்தது நிறைய, ஆனால் கவனமாகச் செய்ய வேண்டும். தனியாகப் போய்க் கேட்டால் ‘மரம் ஏறுகிறவர்’ என்றதும் ஏஜென்ட் தயங்குவார், அல்லது பாலிசி கிடைக்கட்டும் என்று ‘தோட்ட வேலை’ என்று எழுதிக்கொள்வார். அந்த ஒரு சொல்தான் பின்னால் கிளெய்மைக் கொல்லும். உயரத்தில் செயின்சாவோடு செய்யும் வேலை என்று விண்ணப்பத்திலேயே எழுதியிருக்க வேண்டும், உயரக் கட்டுப்பாடு ஏதாவது பாலிசியில் இருக்கிறதா என்று படித்துப் பார்க்க வேண்டும். தேவைப்படுவது மூன்று தனித்தனிக் காப்பீடு: ஆட்களுக்கான விபத்துக் காப்பீடு, முதலாளி என்ற முறையில் உங்கள் மேல் விழும் தொழிலாளர் இழப்பீட்டுப் பொறுப்புக்கானது, கிளை பக்கத்து வீட்டுக் காரின் மேல் விழுந்தால் ஈடுகட்டும் மூன்றாம் நபர் பொறுப்புக்கானது. பலரும் முதலாவதை மட்டும் எடுத்துவிட்டு மூன்றும் இருப்பதாக நினைக்கிறார்கள். குழுவாக விபத்துக் காப்பீடு எடுக்கலாம் என்றாலும், இன்சூரன்ஸ் வாங்குவதற்காகவே கூடிய குழுவை ஒழுங்குமுறை ஆணைய விதிகள் ஏற்பதில்லை. சங்கத்துக்கு வேறு உண்மையான நோக்கமும் நடவடிக்கையும் இருக்க வேண்டும். கூட்டக் குறிப்பு, பயிற்சிப் பதிவு எல்லாம் அங்கேதான் உதவும்.

தென்னை ஏறுகிறவர்களுக்குச் சங்கம் இல்லாமலே ஒரு வழி இருக்கிறது. தென்னை வளர்ச்சி வாரியத்தின் கேரா சுரக்ஷா காப்பீட்டில் பிரீமியத்தின் பெரும்பகுதியை வாரியமே கட்டுகிறது, வாரியத்துக்குச் சென்னையில் மண்டல அலுவலகமும் உண்டு. ஆனால் அது தென்னை வேலைக்கானது. அதே ஆள் மறுநாள் மாமரத்தில் ஏறி விழுந்தால் அது காக்கும் என்று நம்பக் கூடாது. அமைப்புசாராத் தொழிலாளர் நல வாரியத்தில் 18 முதல் 60 வயது வரை உள்ள ஆட்களைப் பதிவு செய்துவிடுவதும் நல்லது. இதற்கெல்லாம் ஆதார், ரேஷன் கார்டு, வங்கிப் பாஸ்புக், வேலைச் சான்று என்று தாள் சேர்ப்பதுதான் ஆட்களுக்கு மலை. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு அலைய முடியாமல் பலர் பதிவே செய்வதில்லை. சங்கத்தில் படித்த ஒருவர் ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து முப்பது பேருக்கு முடித்துக் கொடுத்தால், அந்த வருடச் சந்தா அன்றைக்கே வசூலாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

பணம் வராமல் இழுத்தடிப்பதற்கு மருந்து பெரும்பாலும் சங்கத்தில் இல்லை, உத்யம் பதிவில் இருக்கிறது. பதிவு இலவசம், காசு கேட்கிற இணையதளம் எதுவும் அரசுடையது இல்லை. குறு, சிறு நிறுவனத்துக்குக் கொடுக்க வேண்டிய பணத்தை, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள், இல்லையென்றால் 15 நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. தாண்டினால் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டுவட்டி. இதற்கான அரசு இணையதளத்தில் முறையிடலாம். 2024 ஏப்ரல் முதல் வருமான வரிச் சட்டமும் கம்பெனிகளை நெருக்குகிறது: கெடுவுக்குள் கொடுக்காத தொகையை, கொடுக்கிற வருடம் வரை அவர்கள் செலவுக் கணக்கில் காட்ட முடியாது. பில்லின் தலைப்பிலேயே உத்யம் எண்ணை அச்சிட்டால் கணக்குப் பிரிவு கண்ணில் படும். ஆனால் வேலை எடுப்பதற்கு முன்பே பதிவு செய்துவிடுங்கள், பாக்கி விழுந்த பிறகு பதிவு செய்தால் அந்தப் பாக்கிக்கு உதவாமல் போகலாம். சங்கத்தின் பங்கு இதைப் பத்துப் பேருக்குச் சொல்லித் தருவதோடு முடிகிறது. வங்கிக் கடன், வரி, டெண்டர் மாதிரிப் பொதுவான சிறுதொழில் விவகாரங்களுக்கு 1956-இல் தொடங்கிய டான்ஸ்டியா போன்ற அமைப்புகள் கிண்டியிலேயே இருக்கின்றன.

சங்கம் தொடங்கியதும் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது ஒரே ரேட் போட்டுவிடலாம் என்பது. ஆசை நியாயமானது. எட்டாயிரத்துக்குச் செய்ய வேண்டிய வேலையை, ஹெல்மெட்டும் கயிறும் இல்லாத குழு மூவாயிரத்துக்கு எடுத்துப் போகும்போது வயிறு எரியத்தான் செய்யும். ஆனால் போட்டியாளர்கள் கூடி விலை நிர்ணயிப்பதை 2002-ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம் மூன்றாம் பிரிவில் தடுக்கிறது. சங்கம் மூலம் செய்தாலும் தப்பில்லை என்று ஆகிவிடாது. மருந்து வணிகர் சங்கங்கள் உட்படப் பல சங்கங்களுக்குப் போட்டி ஆணையம் அபராதம் விதித்திருக்கிறது. ரேட் கார்டு அச்சடிக்காதீர்கள், வாட்ஸ்அப்பிலும் போடாதீர்கள்.

அதற்குப் பதில் கொட்டேஷன் படிவத்தைப் பொதுவாக்குங்கள். விலைக் கட்டம் காலியாக இருக்கட்டும், அவரவர் நிரப்பட்டும். மற்ற வரிகள் எல்லாம் ஒன்றாக இருக்கட்டும்: எந்த மரம், எத்தனை கிளை, ஒவ்வொன்றும் எந்த இடத்தில் வெட்டப்படும், உச்சியை மொட்டை அடிக்க மாட்டோம், கிளை கயிற்றில் இறங்குமா, நேராக விழுமா, மின் கம்பி பக்கத்தில் இருந்தால் மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் எல்.சி. (மின்சாரத்தை நிறுத்திவைக்கும் அனுமதி) வாங்குவது யார் பொறுப்பு. தழை எத்தனை லோடு, விறகு யாருக்கு. காருக்கும் ஓட்டுக்கும் சேதம் வந்தால் எந்த இன்சூரன்ஸ். அட்வான்ஸ் எவ்வளவு, மிச்சம் எப்போது. இதைப் படித்த செக்ரட்டரி மூவாயிரம் கேட்டவரிடம், “தம்பி, நீங்க கயிறு கட்டி இறக்குவீங்களா, இல்ல அப்படியே விடுவீங்களா?” என்று அவராகவே கேட்பார். அந்த ஒரு கேள்வி எந்த ரேட் கார்டையும்விட நல்ல குழுவைக் காப்பாற்றும்.

அனுமதி விஷயத்தில் கண்டிப்பு வேண்டும். தெருவோரத்து மரமும் பொது இடத்து மரமும் வீட்டுக்காரர் காசு கொடுத்தாலும் அவருடையவை ஆகிவிடாது. அவற்றை வெட்ட மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி வேண்டும். “நான் பேசிட்டேன், நீ வெட்டு” என்று வாயால் சொல்வதை நம்பக் கூடாது. புகார் போனால் கையும் களவுமாக நிற்பது வண்டியும் செயின்சாவும் மேலே இருக்கிற ஆளும்தான், வீட்டுக்காரர் உள்ளே போய்விடுவார். அனுமதிக் கடிதத்தின் நகல் கையில் இல்லாமல் தெரு மரத்தில் எவரும் கை வைப்பதில்லை என்று எட்டுக் குழுவும் முடிவெடுத்தால், ஒருவர் மறுத்த வேலையை அடுத்தவர் போய் எடுக்கும் நிலை மாறும். மரமும் பிழைக்கும். மரத்தை விரும்பாதவர் இந்தத் தொழிலில் இருப்பது எல்லோருக்கும் கேடு. கோட்டூர்புரம் மரப்பூங்காவைப் பராமரிக்கும் நிழல் அமைப்பு நடத்தும் மர நடைகளுக்கு ஆட்களை ஒருமுறை அழைத்துப் போனால், அதன் பிறகு வெட்டும் கையில் ஒரு நிதானம் வரும்.

புதிதாகத் தொடங்குவதென்றால் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன் கீழ் ஏழு பேர் சேர்ந்து பதியலாம். அவசரப்பட வேண்டாம். பதிந்துவிட்டால் வருடாவருடம் பொதுக்குழு, கணக்கு, உறுப்பினர் பட்டியல் என்று தாக்கல் செய்தாக வேண்டும், விட்டுவிட்டால் சிக்கல். ஒரு மழைக்காலம் முழுக்கப் பதிவில்லாமல் சேர்ந்து வேலை செய்து பார்த்துவிட்டுப் பதியுங்கள். இரவல் மிஷின் சரியாகத் திரும்புகிறதா, பேசின வாடகை வருகிறதா என்பதில் யார் யாரோடு ஒத்துப்போவார்கள் என்பது தெரிந்துவிடும். பணத்தை யாருடைய சொந்தக் கணக்கிலும் வைக்காதீர்கள். இரண்டு பேர் கையெழுத்தில் வங்கிக் கணக்கு தொடங்குங்கள். தலைவர் பதவிக்கு அடித்துக்கொண்டு உடைந்த சங்கங்களைவிட, எட்டாயிரம் ரூபாய்க்குக் கணக்கு இல்லாமல் உடைந்தவை அதிகம்.

ஏற்கெனவே இருக்கும் சங்கத்தில் சேர்ந்தவர் ஒரு சின்ன நோட்டுப் போடட்டும். சந்தா கட்டிய தேதி முதல் இரவல் கிடைத்த மிஷின் நாட்கள், பயிற்சி பெற்ற ஆட்கள், பதிவான காப்பீடு, வசூலான பாக்கி என்று எழுதி வரட்டும். வாடகைக்குப் பெரிய மிஷின் எடுத்தால் ஒரு நாளைக்கு என்ன ஆகியிருக்கும் என்று பக்கத்தில் எழுதினால் போதும். பன்னிரண்டு மாதத்தில் அந்தப் பக்கம் வெறுமையாக இருந்தால் புதுப்பிக்காதீர்கள்.

கூடுவதற்கு ஏற்ற மாதம் ஆகஸ்ட். எல்லோரும் தங்கள் கயிறு, பெல்ட், ஹெல்மெட் எல்லாவற்றையும் கொண்டுவந்து தரையில் பரப்புங்கள். கயிற்றை விரல் நுனியால் அடி முதல் நுனி வரை தடவிப் பாருங்கள்; எங்கே கல் மாதிரி இறுகியிருக்கிறதோ, எங்கே தளர்ந்து மெலிந்திருக்கிறதோ அந்தக் கயிறு இனி ஆள் ஏற ஆகாது. அதை அங்கேயே நாலு துண்டாக வெட்டித் தழைக்கட்டு கட்ட வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் அவசரத்தில் யாராவது மறுபடி எடுத்துவிடுவார்கள். மிச்சக் கயிறுகளில் குழுவின் பெயரையும் வாங்கிய மாதத்தையும் நுனியில் டேப் சுற்றி எழுதுங்கள்.